மச்சாள் எடுத்த மூச்சு

கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு முகத்தைச் சும்மா வைத்திருக்கத் தெரியவேண்டும். வாடிக்கையாளர் எவ்வளவு பொருந்தாத கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பினாலும் அவசரப்பட்டு முகம் சுளிக்கக்கூடாது. மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் எங்கள் கடையில் நான் இத்தனை வருடங்களாக அதைச் சரியாகத்தான் செய்துவந்தேன். போன வசந்தத்தில் ஒரு காலை அது முடியாமல் போனது. ஒரு முதியவரின் மூக்கில் புதுக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, என்னோடு வேலை செய்யும் இளம்பெண் தன் கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டாள்.

முதலில் கித்தார் வந்தது. தாளத்தின் அடிக்கும் அடிக்கும் நடுவில் வெட்டி வெட்டி விழும் கித்தார். பிறகு டிரம், பிறகு சாக்ஸபோன். அதற்குப் பிறகு ட்ரம்பெட் வாசித்த மெட்டு என்னுடையது. பதினாலு வயதில் ஜோன்-தலோன் வீதி பஸ்ஸில், ஜன்னல் கண்ணாடியில் விரலால் தட்டித் தட்டி நான் உண்டாக்கிய மெட்டு. அதை வாசித்தது யார் என்பதும் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மெட்டின் நடுவில் ஓர் இடத்தில் ட்ரம்பெட் நின்று, ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, மறுபடி தொடங்கியது. அந்த இடத்தில் அப்படி மூச்சு வாங்குகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான். என் மச்சாள். அம்மாவின் அண்ணன் மகள்.

"மூக்கு வலிக்கிறது, மதாம்" என்றார் முதியவர். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கையை எடுத்தேன்.

இளம்பெண் விடாமல் பேசினாள். அந்தக் காலத்து மொன்றியல் பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கா குழுவாம். ஒலிநாடா யாரோ ஒருவரின் வீட்டு நிலவறையில் இவ்வளவு நாளும் சும்மா கிடந்ததாம். வீட்டை விற்கும்போது கண்டெடுத்து இணையத்தில் போட, இப்போது ஒரு சின்னக் கம்பனி அதை இசைத்தட்டாகவே வெளியிடுகிறதாம். "அந்த ட்ரம்பெட் பெண் இருக்கிறாளே, அவள் உங்கள் நாட்டவள், தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். வேறென்ன சொல்ல?

அன்று கொண்டுபோன புட்டை நான் சாப்பிடவில்லை. பின்னறையில் இருந்து அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பொறாமை என்ற சொல்லை அதுவரை மற்றவர்களைப் பற்றித்தான் பயன்படுத்தியிருக்கிறேன். எனக்கு வந்தது சுத்தமான வயிற்றெரிச்சல்.

ஸ்கா என்றால் என்ன என்று என் அம்மாவுக்கு இன்றுவரை விளக்க முடியவில்லை. வாசிக்கிறவர்களுக்கு முயன்று பார்க்கிறேன். ஜமேக்காவில் பிறந்த இசை அது. ரெகேக்கு மூத்தது, அதைவிட வேகமானது. கித்தார் எப்போதும் தாளத்தின் இடைவெளியில் விழும். அதனால் கேட்கிறவருக்கு முழங்கால் சும்மா இருக்காது. மேலே பித்தளை வாத்தியங்கள் கத்தும். நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் மொன்றியலில் அந்த இசைக்குப் பித்துப்பிடித்த இளசுகள் நிறையப் பேர் இருந்தார்கள். கட்டம் போட்ட காலுறையும் ஒடுங்கிய கறுப்பு டையுமாக மெட்ரோவில் திரிவார்கள்.

செயின்ட்-மிஷேலில் எங்கள் உயர்பள்ளியின் வாத்தியக் குழுவில் இருந்துதான் எங்கள் ஸ்கா குழு பிரிந்து வந்தது. ஐந்து பையன்களும் நானும். டிரம் வாசித்தவன் ஹெய்ட்டிக்காரன், பேஸ் வாசித்தவன் வியட்நாம்காரன், ட்ரொம்போன்காரனின் பெற்றோர் இத்தாலியர். கித்தாரும் சாக்ஸபோனும் கியூபெக் பையன்கள். ட்ரொம்போன்காரனின் அப்பாவின் கராஜில் ஒத்திகை நடக்கும். ஐந்து பையன்களோடு ஒரு யாழ்ப்பாணத்துப் பெட்டையை யார் கராஜுக்கு அனுப்பினார்கள் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூட விசயம் என்று சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

மாமா வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. மச்சாளுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டு எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அவளைத்தான் வடிவு என்பார்கள். அவளுக்கு முடி நீளம், பிரெஞ்சு நல்ல சுத்தம், மாமி கட்டிவிடும் மதியச் சாப்பாடு பள்ளி முழுவதும் மணக்கும். எனக்கென்று இருந்தது ட்ரம்பெட் மட்டும். பள்ளி வாத்தியக் குழுவில் நான் முதலாவது ட்ரம்பெட், அவள் இரண்டாவது; அடுத்தடுத்த கதிரைகளில் உட்காருவோம். எந்தத் துண்டையும் முதலில் நான் ஊதிக்காட்டவேண்டும், அவள் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். அந்த ஒரு கதிரை வித்தியாசத்துக்காக நான் வாய் வீங்க வீங்க ஊதினேன்.

என் மெட்டையும் அவள் அப்படித்தான் பிடித்துக்கொண்டாள். பள்ளிப் படிக்கட்டில் நான் ஊதிப் பழகும்போது பக்கத்தில் வந்து உட்காருவாள். "இன்னொருக்கா ஊது மச்சாள்" என்பாள். எனக்கும் ஊதிக்காட்டப் பெருமையாக இருக்கும். அவளும் தன்னுடையதை எடுத்து ஊதுவாள். நடுவில் மூச்சு முட்டி நிற்பாள். அந்த இடத்தில் நிற்கக்கூடாது, ஒரே மூச்சில் போகவேண்டும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். தலையாட்டுவாள், மறுபடி அங்கேயேதான் நிற்பாள்.

பதிவு செய்யும் வாய்ப்பு சாக்ஸபோன்காரனின் அண்ணன் மூலம் வந்தது. அவர் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்துக்கொண்டிருந்தார். கல்லூரியின் ஒலிப்பதிவு அறை ஒரு சனிக்கிழமை முழுநாளும் அவருக்குக் கிடைத்திருந்தது. அந்தச் சனிக்கிழமைதான் எனக்குச் சாமத்தியவீடு.

நான் பெரியபிள்ளை ஆகி அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பாரிஸ் சித்தி விடுமுறை எடுக்கவேண்டும், ஜேர்மனிப் பெரியம்மாவுக்கு விசா வரவேண்டும், விழா மண்டபமாக ஒரு ஹோல் கிடைக்கவேண்டும். எல்லாம் கூடிவரும்வரை பிள்ளை காத்திருக்கும். கூடிவந்த நாள் அந்தச் சனிக்கிழமை. அம்மாவிடம் அழுதேன். "சித்தி ரிக்கற் போட்டிட்டா. உன்ர குழலைப் பேந்து ஊதலாம்" என்றார் அம்மா.

அதற்கு மேல் நான் கவலைப்படவில்லை, ஏனென்றால் ட்ரம்பெட் இல்லாமல் அவர்களால் பதிவு செய்ய முடியாது. இன்னொரு நாளுக்குத் தள்ளித்தான் வைக்கவேண்டும். என் மெட்டுத் தெரிந்த மற்ற ஒரே ஆள் மச்சாள். அவளோ அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் தட்டுப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறாள். தாய்மாமன் இல்லாமல் சாமத்தியவீடு உண்டா? மாமா தேங்காய் உடைக்கவேண்டும், பால் அறுகு வைக்கவேண்டும், முதல் தண்ணீர் வார்க்கவேண்டும். மாமன் மகள் தோழிப் பிள்ளையாக முன்னால் நிற்கவேண்டும். எல்லாம் நல்ல பந்தோபஸ்தாகவே இருந்தது.

அதை என் அப்பா ஒரு தொலைபேசி அழைப்பில் கவிழ்த்துப் போட்டார்.

அப்பா அப்போது பகலில் ஒரு தொழிற்சாலை, மாலையில் ஒரு உணவகம் என்று ஓடிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் நேரில் போய்ச் சொல்லி முடித்தவர், இரண்டு தெரு தள்ளி இருக்கும் சொந்த மைத்துனர்தானே என்று, தொழிற்சாலை இடைவேளையில் மாமாவுக்குப் போன் எடுத்து, "சனிக்கிழமை வெள்ளெனவே வந்திடுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்று மாலை மாமா அம்மாவுக்குப் போன் எடுத்தார்.

"யாரோ தெரியாத ஆக்களின்ரை வீட்டுக்கெல்லாம் சோடியாப் போய்ச் சொல்லியிருக்கிறியள். தாய்மாமனுக்கு ரெலிபோனோ? நாங்கள் என்ன, பீட்சா ஓடரே?"

அம்மா அழுதார். அப்பாவை உடனே நேரில் போகச் சொன்னார். அப்பாவுக்கும் ரோசம் வந்துவிட்டது. "சொன்னது சொன்னதுதான். வாறதெண்டால் வரட்டும்" என்றார். யாரும் வரவில்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் ரொறன்ரோவில் இருந்து வந்து, மாமா செய்யவேண்டியதை எல்லாம் செய்தார். வீட்டில் சும்மா இருந்த மச்சாளை ட்ரொம்போன்காரன் போன் பண்ணிக் கூப்பிட்டான். அவள் தன் ட்ரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ ஏறி ஒலிப்பதிவு அறைக்குப் போய்விட்டாள்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அன்று பின்நேரம் பையன்கள் ஐந்து பேரும் பதிவை முடித்துவிட்டு நேராக ஹோலுக்கு வந்தார்கள், சாப்பிட. கையில் மச்சாளின் ட்ரம்பெட்டும் இருந்தது. அதை அவள்தான் கொடுத்தனுப்பியிருந்தாள். அன்று எனக்கும் ஊத ஆசையாக இருக்கும் என்றாளாம். எனக்கு அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியதுபோல் இருந்தது. தலையில் நெற்றிச்சுட்டி, இடுப்பில் ஒட்டியாணம், முதுகு முழுக்கப் பூமாலை. அந்தக் கோலத்தோடு மேடையை விட்டு எழும்பி ட்ரம்பெட்டை வாங்கினேன். சாக்ஸபோனும் ட்ரொம்போனும் சேர்ந்துகொள்ள, டிரம்காரன் பலகாரத் தாம்பாளத்தைக் கவிழ்த்துத் தட்டினான். என் மெட்டை நான் ஊதினேன். எப்படி ஊதினேன்! ஜேர்மனிப் பெரியம்மா எழும்பி நின்று கை தட்டினார். வீடியோ எடுத்த அண்ணை என்னைச் சுற்றிச் சுற்றி வந்து எடுத்தார்.

மூன்று மாதம் கழித்து வீடியோ வந்தது. எங்கள் வீட்டுக் கொண்டாட்ட வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று தெரியும். உண்மையான சத்தத்தை எல்லாம் துடைத்துவிட்டு, தொடக்கத்தில் இருந்து முடிவுவரை சினிமாப் பாட்டுகளைப் போட்டிருந்தார். நான் கன்னம் உப்ப ட்ரம்பெட் ஊதுகிறேன். ஒரு பெண்குரல் காதலனை எண்ணி உருகுகிறது. ட்ரம்பெட்டின் வாயில் இருந்து ரோசாப்பூக்கள் வேறு பறந்து வருகின்றன. அப்பா போன் பண்ணிக் கேட்டதற்கு, "ஹோலிலை ஒரே இரைச்சல் அண்ணை. அதுதான் வடிவா மிக்ஸ் பண்ணி விட்டனான்" என்றார் வீடியோ அண்ணை. மூல ஒளிநாடாவில் அவர் ஏற்கெனவே வேறொருவரின் கலியாணத்தை எடுத்துவிட்டிருந்தார்.

ஆக, ஒலிநாடாவில் சத்தம் இருக்கிறது, நான் இல்லை. வீடியோவில் நான் இருக்கிறேன், சத்தம் இல்லை. பள்ளி முடிந்ததும் பையன்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ட்ரம்பெட் கட்டிலுக்கடியில் போனது. மாமா குடும்பம் லாசாலுக்கு வீடு மாறியது. அப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் கண்டால் தலையாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சமாதானமானார்கள். நான் அதையெல்லாம் மறந்துதான் இருந்தேன், அந்தப் பிள்ளை கடையில் பாட்டைப் போடும்வரை.

அதற்குப் பிறகு மறக்க விடவில்லை. குடும்ப வாட்சப்பில் ஒவ்வொரு நாளும் மச்சாள்தான். பிரெஞ்சு வானொலியில் மச்சாள். இசைத்தட்டின் உறையில் ஐந்து பையன்களோடு ஒடுங்கிய கறுப்பு டை கட்டிக்கொண்டு, பதினைந்து வயது மச்சாள். பதிவு நடந்த அன்று எடுத்த படம் அது. அப்போது நான் சாமத்தியவீட்டு மணவறையில் ஆலாத்தி சுற்றும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு காலத்தில் ட்ரம்பெட்டைப் பித்தளைச் சாமான் என்று சொன்ன மாமா, கைகூப்பும் படமும் தங்கக் கிண்ணமும் போட்டு எல்லாவற்றையும் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். என் அம்மாகூட, "எங்கடை பிள்ளை ரேடியோவில வடிவாக் கதைச்சவள்" என்றார். எங்கள் பிள்ளையாம்.

எல்லாவற்றையும் விட அந்த மூச்சுத்தான் என்னைக் கொன்றது. பாட்டுக்குக் கீழே கேட்டவர்கள் எழுதுவதை எல்லாம் நான் உட்கார்ந்து வாசித்தேன். பாதிப்பேர் அந்த மூச்சைப் பற்றித்தான் எழுதினார்கள். அந்த இடத்தில்தான் பாட்டுக்கு உயிர் வருகிறதாம். அவ்வளவு சின்ன வயதில் மௌனத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவளாம். ஒருவர் அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டாராம். மௌனமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவளுக்கு மூச்சுப் போதவில்லை, ஐயா. சாப்பாட்டு மேசையில் இதை நான் சத்தமாகச் சொன்னபோது என் கணவர், "அதுக்கு இப்ப என்ன?" என்றார். அதுக்கு இப்ப என்னவாம். எனக்கு வாழ்க்கையில் இருந்தது அந்த ஒரு கதிரை. அதில் அவள் உட்கார்ந்துவிட்டாள், ஊரே கைதட்டுகிறது. அந்த மெட்டு என்னுடையது என்று ஓர் ஆளுக்காவது தெரியவேண்டும் என்றுதான் நான் கேட்டேன்.

இசைத்தட்டு வெளியீட்டு விழாவில் குழு ஒரு தடவை மட்டும் மேடை ஏறப்போகிறது என்று செய்தி வந்தது. மச்சாள் எனக்கு வாட்சப்பில் அழைப்பை அனுப்பியிருந்தாள். அதே படத்தை எத்தனை பேருக்கு அனுப்பினாளோ. கீழே, "மச்சாள், கட்டாயம் வா, உன்னோடை கதைக்கவேணும்" என்று ஒரு வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மெட்டைப் பெற்றவளுக்கு வாட்சப்பிலா சொல்வது? நான் பதில் போடவில்லை. அவள் அழைத்தபோதும் எடுக்கவில்லை. பிறகு கடையில் கண்ணாடி துடைத்துக்கொண்டு நிற்கும்போது, எங்கள் குடும்பத்தில் நான் யார் மாதிரி நடந்துகொள்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். மாமா மாதிரி. அச்சு அசல் மாமா. அப்படித் தெரிந்தும் நான் போனை எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் அழைப்புமணி அடித்தது. வாசலில் மச்சாள், கையில் ஒரு பழத்தட்டு. பின்னால் பொல்லை ஊன்றிக்கொண்டு மாமா.

"போனிலை சொன்னால் வரமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் மச்சாள்.

"நேரிலை வந்து சொல்லுறதுதான் முறை" என்றார் மாமா, சோபாவில் இருந்துகொண்டு. "உன்ரை கொப்பருக்கு அது அண்டைக்கு விளங்கேல்லை."

மாமாவுக்குத் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தேன். மச்சாள் என் வீட்டுச் சுவரைப் பார்த்தாள், நான் அவள் வாசலில் கழற்றிவிட்ட விலையான சப்பாத்தைப் பார்த்தேன். திடீரென்று, "உன்ரை சாமத்தியவீட்டு வீடியோ இருக்கோ? நான் ஒருநாளும் பாக்கேல்லை" என்றாள். அவர்கள் வீட்டில் யாருக்கும் அதைப் போட்டுக் காட்டியிருக்க வழியில்லைதான். அம்மா மாற்றித் தந்திருந்த டிவிடியைத் தேடி எடுத்துப் போட்டேன். பார்க்கட்டும், நான் ஊதுவதைத் தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்ற எண்ணம் எனக்கு.

தாமரைப்பூ விரிய அதற்குள் என் முகம் வந்தது. தண்ணீர் வார்ப்பு வந்தது. ரொறன்ரோ மாமா தேங்காய் உடைத்தார். சோபாவில் இருந்த மாமா தொண்டையைச் செருமினார். தோழிப் பிள்ளைகள் வரிசையாகத் தட்டுப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தது யாரோ ஒரு பக்கத்து வீட்டுப் பிள்ளை, அவசரத்துக்குப் பிடித்துவந்தது. மச்சாள் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அது நான் நிக்கவேண்டிய இடம்" என்றாள். "அம்மா எனக்கு மாம்பழ நிறத்தில பாவாடை தாவணி தைச்சு வைச்சவ. அப்பா விடேல்லை. வீட்டில இருந்து அழுதுகொண்டிருந்தனான், அப்பத்தான் போன் வந்தது. வாய் எல்லாம் உப்பு. அப்பிடியேதான் போய் ஊதினனான்."

மாமா வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பேந்து சாமத்தியவீடெண்டு ஒண்டும் செய்யேல்லை" என்றாள் மச்சாள். "ஆரோடையும் கதை பேச்சு இல்லாத வீட்டுக்கு ஆர் வாறது? நீ மேளதாளத்தோடை இருந்தனி. நான் ஒரு இருட்டறையுக்கை பெடியங்களோடை. எவ்வளவு எரிச்சல் பட்டனான் தெரியுமோ உன்னிலை?"

என்மேல் எரிச்சலா? அந்தக் கனத்த சேலைக்கும் அந்த ஒட்டியாணத்துக்குமா? நான் அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்திருப்பேனே. சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் திரையில் பையன்கள் வந்துவிட்டார்கள். பெண்குரல் உருகத் தொடங்கியது. நான் ட்ரம்பெட்டை எடுத்து ஊதினேன். மச்சாள் பாய்ந்து தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, திரையில் என் விரல்களைப் பார்த்து மெட்டை மெல்ல முனகினாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இடம் வந்தது. திரையில் நான் ட்ரம்பெட்டை உதட்டில் இருந்து எடுத்தேன், தோளைத் தூக்கி ஒரு மூச்சு இழுத்தேன், மறுபடி வைத்தேன்.

"பார்" என்றாள் மச்சாள். "நீ எப்பவும் அதிலைதான் எடுப்பாய். நிக்காமல் ஊது எண்டு எனக்குப் பேசுவாய், ஆனால் நீ நிப்பாய். எனக்கு உன்ரைதான் பிடிச்சது. அப்பிடியே ஊதினனான்."

"அது ஒட்டியாணம் இறுக்கினது" என்றேன்.

"பள்ளிக்கூடப் படியிலை ஆர் உனக்கு ஒட்டியாணம் கட்டினது?"

மாமாதான் முதலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகும்போது வாசலில் நின்று மச்சாள் விசயத்தைச் சொன்னாள். மேடையில் அவள் ஊதப்போவதில்லையாம். மெட்டுப் போட்டவளே வந்து ஊதட்டும் என்று பையன்களிடம் சொல்லிவிட்டாளாம். அதைக் கதைக்கத்தான் அத்தனை தரம் போன் எடுத்தாளாம். "எனக்கு இப்ப உதடும் இல்லை, மூச்சும் இல்லை. நீ ஊது மச்சாள்."

"பாப்பம்" என்றேன். எங்கள் ஆட்கள் சரி என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.

கட்டிலுக்கடியில் இருந்த ட்ரம்பெட்டின் விசைகள் இறுகிப்போயிருந்தன. எண்ணெய் போட்டு எடுத்தேன். அடுக்குமாடியில் ஊதினால் பக்கத்து வீட்டார் பொலிசைக் கூப்பிடுவார்கள். ஆகவே மதிய இடைவேளையில் கடைக்குப் பின்னால் காரை நிறுத்தி, கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு ஊதினேன். முதல் வாரம் வாத்து கத்துவதுபோல் வந்தது. எனக்கு ஒரே ஒரு குறிக்கோள்தான்: அந்த மெட்டை ஒரே மூச்சில் ஊதிக்காட்டவேண்டும். படிக்கட்டில் நின்றேனோ, ஹோலில் நின்றேனோ, அதை விடுங்கள். அந்த மெட்டு எப்படி இருக்கவேண்டும் என்று நான் நினைத்தேனோ அப்படி ஒரு தடவை சனம் கேட்கவேண்டும். விழாவுக்கு முந்திய கிழமை அது கைகூடியது. காருக்குள் தனியாக இருந்து சிரித்தேன்.

விழா வில்லரேயில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. ஒரு சனிக்கிழமை பின்நேரம். பையன்களுக்கு இப்போது தலையில் மயிர் இல்லை, வயிறு இருக்கிறது. டிரம்காரன் என்னைக் கட்டிப்பிடித்து, "அன்றைக்குப் பலகாரத் தட்டில் வாசித்தேனே, அதுதான் என் நல்ல வாசிப்பு" என்றான். மண்டபம் நிறைந்திருந்தது, பெரும்பாலும் எங்களுடைய பாதி வயதுப் பிள்ளைகள். பதிவில் ட்ரம்பெட் வாசித்தவர் இன்று வாசிக்கவில்லை என்று ட்ரொம்போன்காரன் ஒலிவாங்கியில் சொன்னதும் ஓர் 'ஓ' எழும்பி அடங்கியது. மெட்டை உண்டாக்கியவள் நான் என்றும் சொன்னான். கைதட்டினார்கள், மரியாதைக்கு. மச்சாள் முன்வரிசையில் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

கித்தார் வெட்டியது. டிரம் வந்தது. நான் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு தொடங்கினேன். பிள்ளைகள் முழங்காலை மடக்கி ஆடினார்கள், மெட்டைக் கூடவே பாடினார்கள். எல்லோருக்கும் மனப்பாடம். எனக்கு மூச்சு தாராளமாக இருந்தது. அந்த இடம் வந்தது. மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு தோளைத் தூக்கி மூச்சை இழுத்தது. முன்வரிசையில் மச்சாள் இழுத்தாள். பித்தளைச் சாமான் என்று சொன்ன என் மாமாவும் இழுத்தார். என் கை தன்பாட்டில் ட்ரம்பெட்டை உதட்டில் இருந்து எடுத்துவிட்டது. நானும் இழுத்தேன்.

மறுபடி மெட்டுக்குள் போனபோது கிளம்பிய ஆரவாரத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. அது எனக்கா அவளுக்கா என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு, வாசல் பக்கம் மச்சாளும் நானும் நின்றபோது, தலைமுடிக்குப் பச்சைச் சாயம் பூசிய ஒரு பெடியன் இசைத்தட்டோடு வந்தான். முதலில் மச்சாளுக்கு ஒரு கும்பிடு போட்டான். பிறகு என் பக்கம் திரும்பி நல்ல மனதோடு சொன்னான்.

"நீங்களும் மிக நன்றாக வாசித்தீர்கள், மதாம். அந்த மூச்சு இருக்கிறதே, கிட்டத்தட்ட அவரைப் போலவே இருந்தது."

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அவள் தோள் குலுங்கியது. "இவதான் எனக்குப் பழக்கினது" என்று பிரெஞ்சில் அவனுக்குச் சொல்லியும் பார்த்தாள். அவன் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு கும்பிடு போட்டான். நான் மெர்சி என்றேன். கண்ணாடிக் கடை முகம் அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் உதவியது.

அவன் இசைத்தட்டின் உறையை நீட்ட, மச்சாள் தன் படத்துக்குக் கீழே சின்னதாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவை என்னிடம் தந்தாள். எங்கே போடுவது என்று பார்த்தேன். ஐந்து பையன்களும் ஏற்கெனவே தங்கள் தங்கள் படத்தில் கிறுக்கியிருந்தார்கள். ஓரமெல்லாம் எழுத்து. எனக்கென்று அந்த உறையில் ஓர் இடம் இல்லை.

மச்சாளின் முகத்துக்கு மேலேயே பெரிதாகப் போட்டேன்.